ஆணைப் புத்தகமும் நிலைப் புத்தகமும்

ஒரு காரியத்தை நடத்துகிறவர் கையில் இரண்டு கணக்குகள் இருக்க வேண்டும். என்ன நடக்க வேண்டும் என்று அவர் சொல்லிவைத்தது ஒரு கணக்கு. இந்த நிமிடத்தில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பது இன்னொரு கணக்கு. முதலாவதை மேலிருந்து எழுதலாம். இரண்டாவதைக் களத்திலிருந்துதான் எடுக்க முடியும். இரண்டையும் ஒரே ஏட்டில் கலந்து எழுதும் நிர்வாகம், சொன்னதெல்லாம் நடந்துவிட்டது என்று நம்பத் தொடங்கும். அந்த நம்பிக்கை பொய்க்கும் இடத்தில் விபத்து நேரும். கணினி வலையமைப்புகளை நடத்தும் பொறியியலாளர்கள் இந்தப் பிரிவினையை முறையான கட்டமைப்பாக எழுதிவைத்தது 2018-ஆம் ஆண்டில்தான். கண்டிக்குப் போகும் மலைப்பாதையிலோ நிலைய அதிபர்கள் அதை உலோக வட்டுகளைக் கொண்டு தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார்கள். பேராதனையில் இந்த இரண்டு உலகங்களும் அக்கம்பக்கமாக இருக்கின்றன. இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் கல்வி வலையமைப்பு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருந்து இயங்குகிறது. அந்த வளாகத்தை ஒட்டி, சரசவி உயன நிலையத்தைத் தொட்டுக்கொண்டு கண்டிக் கிளைப்பாதை ஓடுகிறது. மலைப்பாதையின் பழைய நடைமுறையை நினைவுச்சின்னமாகப் பார்ப்பது தவறு. வலையமைப்புக்காரர்கள் வெகு தாமதமாக வந்துசேர்ந்த ஒரு கொள்கை அங்கே முழு வடிவில் நடந்துகொண்டிருக்கிறது என்பதே என் வாதம்.

முதலில் பாதையின் இயல்பைப் பார்க்க வேண்டும். மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்கென்று எழுந்த இந்தத் திட்டத்தின் வேலை 1858-இல் ஆளுநர் ஹென்றி வார்டின் காலத்தில் ஆரம்பமானது. கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரையான பகுதி 1865-இல் திறக்கப்பட்டது. 1867-இல் ரயில் கண்டியை எட்டியது. பேராதனையில் பிரியும் தலைமைப் பாதை 1874-இல் நாவலப்பிட்டி, 1885-இல் நானுஓயா, 1894-இல் பண்டாரவளை என்று ஏறி 1924-இல் பதுளையில் முடிந்தது. கண்டியிலிருந்து கிளைப்பாதை 1880-இல் மாத்தளைக்கு நீண்டது. ரம்புக்கனைக்கு மேலே ஏறும் பாதை ஒற்றைப் பாதை. ரம்புக்கனையில் கடல்மட்டத்திலிருந்து நூறு மீற்றருக்கும் குறைவான உயரத்தில் நிற்கும் ரயில், ஏறத்தாழ 20 கிலோமீற்றருக்குள் கடுகண்ணாவையில் 500 மீற்றரைத் தாண்டிவிடுகிறது. 44 அடி ஓடினால் ஓர் அடி ஏறும் சாய்வு அது. இஹலகோட்டை, பலான பக்கங்களில் வளைவுக்குப் பின் வளைவும் சுரங்கமும் வருவதால் சாரதியின் பார்வைக்கு அகப்படும் தண்டவாளம் கொஞ்சம்தான். இறக்கத்தில் பாரத்தோடு வரும் ரயில் நினைத்த இடத்தில் நிற்காது. எதிரே வருவதைக் கண்ணால் கண்டபின் பிரேக் பிடித்துத் தப்பிக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே எடுபடாது. பாதை காலியா இல்லையா என்பது ரயில் புறப்படும் முன்னரே நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒற்றைப் பாதையில் எதிரெதிர்த் திசைகளில் ரயில் ஓட்டுவதற்கு முதல் ஏற்பாடு நேர அட்டவணை. எந்த ரயில் எந்த நிலையத்தில் ஒதுங்கி நிற்கும், எது எத்தனை மணிக்கு அதைக் கடந்து போகும் என்று அது சொல்லும். அட்டவணை முழுக்க முழுக்க ஆணை. எல்லா ரயிலும் நேரத்துக்கு ஓடும் நாளில் ஆணையும் நிலையும் ஒன்றாகவே இருப்பதால், அட்டவணையைப் பார்த்தால் பாதையையே பார்த்ததுபோலத் தோன்றும். ஒரு ரயில் பிந்தினால் போதும், அந்த ஒற்றுமை உடைந்துவிடும். அட்டவணையில் போயிருக்க வேண்டிய ரயில் பாதையில் இன்னும் நின்றுகொண்டிருக்கும். தந்தி வந்த பிறகு அட்டவணையை அவ்வப்போது திருத்த வழி கிடைத்தது. ஆனால் தந்தியும் ஆணையைத்தான் சுமந்தது. அனுப்பு, நிறுத்து, மாற்று என்று வேகமாகச் சொல்ல முடிந்ததே தவிர, சொன்னது எந்த அளவுக்கு நடந்திருக்கிறது என்பதைக் கம்பி தானாகச் சொல்லவில்லை.

அதன் விலை 1874 செப்டெம்பர் 10-ஆம் திகதி இரவு தெரிந்தது. இங்கிலாந்தின் நோரிச் நகரை அடுத்த தோர்ப் என்ற இடத்தில், ஒற்றைப் பாதையில் இரண்டு பயணிகள் ரயில்கள் நேருக்கு நேர் மோதி 25 பேர் இறந்தார்கள். லண்டனிலிருந்து வந்த விரைவு ரயில் பிந்திவிட்டது. எதிர்ப்பக்கத்து நிலையத்தில் காத்து நின்ற தபால் ரயிலை முன்னே வரச்சொல்லலாமா என்ற யோசனையில் நோரிச்சில் ஒரு தந்தி வாசகம் உருவானது. அதிகாரியின் கையொப்பம் இல்லாமல் எதையும் அனுப்பக்கூடாது என்பது விதி. கையொப்பம் விழும் முன்பே அது போய்விட்டது. அது போனது தெரியாமல் விரைவு ரயிலும் விடப்பட்டது. தவறை உணர்ந்து தபால் ரயிலை நிறுத்தச் சொன்னபோது அது ஏற்கெனவே கிளம்பியிருந்தது. இதைத் தனிமனிதக் கவனக்குறைவு என்று மட்டும் படிப்பது போதாது. அந்த இரவில் பாதையின் நிலை எங்கேயும் பதியப்படவில்லை. ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த ஆணையை வைத்துப் பாதையைக் கற்பனை செய்துகொண்டார்கள். இரண்டு கற்பனைகள் மோதிக்கொள்ளும் இடத்தில் இரண்டு ரயில்கள் மோதின.

இதற்கு மாற்றாக லண்டனைச் சேர்ந்த எட்வர்ட் டையர் 1878-இல் காப்புரிமை பெற்றதுதான் டேப்லட் கருவி. அது பிரித்தானிய ஆட்சி நடந்த நாடுகள் பலவற்றுக்கும் பரவி, இலங்கையின் மலைப்பாதைக்கும் வந்து, இன்றும் அங்கே வேலை செய்கிறது. பாதை நிலையத்துக்கு நிலையம் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பகுதியின் இரு முனைகளிலும் முனைக்கொரு கருவி. உள்ளே டேப்லட் எனப்படும் உலோக வட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். இரண்டு கருவிகளையும் மின்கம்பி பூட்டிவைத்திருக்கும். கீழ் நிலைய அதிபர் மணியடித்து ரயில் அனுப்ப அனுமதி கேட்கிறார். மேல் நிலைய அதிபர் தன் பக்கம் சரியாக இருந்தால் மணியாலேயே பதில் சொல்லி, தன் கருவியை அழுத்திப் பிடிக்கிறார். அப்போதுதான் கீழ்க் கருவியின் பூட்டு விலகி ஒரு டேப்லட் வெளியே வரும். அது வந்த கணத்திலிருந்து, அதை இரு முனைகளில் ஏதேனும் ஒன்றில் திரும்பப் போடும் வரையில், இரண்டு கருவிகளிலிருந்தும் இன்னொன்றை எடுக்க முடியாது. பாதை மூடியிருக்கிறதா, ரயில் வருகிறதா, ரயில் பாதையில் இருக்கிறதா என்று முகப்பில் ஒரு காட்டி காட்டிக்கொண்டிருக்கும். எடுத்த டேப்லட்டைத் தோல் பையில் இட்டு, பெரிய வளையம் ஒன்றில் கோத்துச் சாரதியிடம் நீட்டுகிறார்கள். அந்தப் பகுதியின் இரு நிலையங்களது பெயரும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். அதைப் படித்துச் சரிபார்த்த பிறகே சாரதி வண்டியை எடுக்க வேண்டும்.

இங்கே நடந்திருக்கும் பிரிவினையைக் கவனிக்க வேண்டும். நேர அட்டவணை ஒழிக்கப்படவில்லை. அது ஆணையாகவே தொடர்கிறது. ரயில்கள் பிந்தும்போது எந்த நிலையத்தில் எதை ஒதுக்குவது என்று நாவலப்பிட்டிக் கட்டுப்பாட்டு அறை தீர்மானிக்கிறது, அதுவும் ஆணைதான். ஆனால் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் அவருடைய சொல்லால் ஒரு டேப்லட் வெளியே வராது. பாதை காலியாக இருந்தால் மட்டுமே அது வரும். ஆணை எழுதும் கைக்கும் நிலை காட்டும் கருவிக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்பப்பட்டிருக்கிறது. அந்தச் சுவரில் இருக்கும் ஒரே கதவு, இரு நிலையங்களிலும் உள்ளவர்கள் சேர்ந்து திறக்க வேண்டிய கதவு. ஆணை நிலையை மாற்றலாம், ஆனால் ரயிலை உண்மையாகவே ஓட்டித்தான் மாற்ற முடியும். நிலை மாறிவிட்டதாக எழுதிவைத்து மாற்ற முடியாது. கண்டிப் பாதையின் நிர்வாக வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த ஏற்பாடுதான்.

நிலைக் கணக்கைத் தனியாக வைத்தால் அதைப் பராமரிக்கவும் வேண்டும் என்பதையும் இதே கருவி காட்டிக்கொடுக்கிறது. ஒரு திசையில் போகும் ரயில்கள் மறுதிசையைவிட அதிகமாக இருந்தால் டேப்லட்கள் ஒரு முனையில் குவிந்து, மறுமுனையின் கருவி காலியாகிவிடும். அப்போது பாதை காலியாக இருந்தாலும் அந்த முனையிலிருந்து ரயில் அனுப்ப முடியாது. அதிகாரம் பெற்ற ஊழியர் வந்து கருவியைத் திறந்து, எண்ணி எடுத்து, ஏட்டில் எழுதி, கணக்கோடு மறுமுனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சாரதி கைதவறி டேப்லட்டைத் தன்னோடு அடுத்த பகுதிக்குக் கொண்டுபோய்விட்டால் பின்னால் உள்ள பகுதி முழுவதும் பூட்டப்பட்டுவிடும். ரயில் போய்ச் சேர்ந்துவிட்டது எல்லோருக்கும் தெரியும் என்று சொல்லிக் கருவியைச் சமாதானப்படுத்த முடியாது. டேப்லட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கருவியே பழுதானால் ஒரு மனிதரை நியமித்து, அவர் வண்டியில் இருந்தால் அல்லது நேரில் நின்று அனுமதித்தால் மட்டுமே ரயில் நகரும் என்று விதி செய்கிறார்கள். இந்த மூன்று சந்தர்ப்பங்களிலும் நேரம் வீணாகிறது, பயணிகள் சலித்துக்கொள்கிறார்கள். ஆனாலும் நிலை தெரியாத இடத்தில் ஆணையைக் கொண்டு இடைவெளியை நிரப்புவதில்லை என்ற கட்டுப்பாடு குலையவில்லை.

இனி வலையமைப்பின் கதை. இணையத்தின் கருவிகளைத் தொலைவிலிருந்து கவனிப்பதற்கான எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறை 1988-இல் வெளிவந்தது. அதன் தகவல் பட்டியலிலேயே இந்தப் பிரிவினையின் விதை இருந்தது. ரவுட்டரின் ஒவ்வொரு போர்ட்டுக்கும் இரண்டு நிலைகள் தனித்தனியாக எழுதப்பட்டன: நிர்வாகி அதை எப்படி வைத்திருக்க விரும்புகிறார் என்பது ஒன்று, அது உண்மையில் எப்படி இருக்கிறது என்பது மற்றொன்று. வளாகத்தில் ஒரு கட்டடத்துக்குப் போகும் கேபிள் அறுந்துவிட்டால், முதலாவது இயங்கு என்றே சொல்லும். இரண்டாவது இயங்கவில்லை என்று சொல்லும். பழுது எங்கே என்று கண்டுபிடிக்கும் வேலை இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் தொடங்குகிறது. ஆனால் இந்தத் தெளிவு ஒருசில இடங்களோடு நின்றுவிட்டது. ஏனைய கருவிகளிலும் பட்டியல்களிலும் எது கட்டளை, எது அவதானிப்பு என்ற கோடு மங்கலாகவே இருந்தது. வலையமைப்புகளை அன்றாடம் நடத்துகிறவர்கள் 2002 ஜூன் மாதம் இணையக் கட்டமைப்புச் சபை கூட்டிய ஒரு பட்டறையில், நிர்வாகி எழுதிவைக்கும் கான்ஃபிகரேஷன் தரவையும் இயக்க நிலைத் தரவையும் புள்ளிவிவரங்களையும் தெளிவாகப் பிரித்துத் தாருங்கள் என்று கேட்டார்கள்.

அந்தக் கோரிக்கையின் பிள்ளைதான் 2006-இல் வந்த நெட்கான்ஃப் என்ற நெறிமுறை. கான்ஃபிகரேஷனை மட்டும் கேட்க ஒரு கட்டளையும், நிலையையும் சேர்த்துக் கேட்க இன்னொரு கட்டளையும் அதில் வைத்தார்கள். அந்த நெறிமுறையின் ஆவணமே காரணத்தைச் சொல்கிறது: இரண்டையும் கலந்தால், இரு கான்ஃபிகரேஷன்களை ஒப்பிடும்போது ஓயாமல் மாறும் எண்ணிக்கைகளே வேறுபாடாக வந்து குவியும், எழுத முடியாத அவதானிப்புகளை எழுதச் சொல்லிக் கருவிக்கு அர்த்தமற்ற கட்டளைகள் போகும். தரவு மாதிரிகளை எழுதுவதற்கென்று 2010-இல் வந்த யாங் மொழி ஒவ்வொரு தரவுக்கும் அது கான்ஃபிகரேஷனா இல்லையா என்று முத்திரை குத்தியது. ஆனாலும் ஒரு பெரிய இடைவெளி மிஞ்சியது. கட்டளையாகச் சொல்லப்பட்ட ஒரு மதிப்பு, கருவியில் உண்மையாகவே நடைமுறைக்கு வந்ததா என்று எங்கே பார்ப்பது? இன்னும் பொருத்தப்படாத ஒரு கார்டுக்கு முன்கூட்டியே கான்ஃபிகரேஷன் எழுதிவைக்கலாம். அது ஏட்டில் இருக்கும், உலகத்தில் இருக்காது. முகவரியைத் தானாக வழங்கும் டி.எச்.சி.பி. முறை மூலம் அதைப் பெறும் போர்ட்டுக்கு முகவரி உலகத்தில் இருக்கும், ஏட்டில் இருக்காது. 2014-இல் வெளியான, போர்ட்டுகளுக்கான யாங் தரவு மாதிரியில் இதற்காக எல்லாவற்றையும் இரு மரங்களாக, ஒன்று சொன்னதற்கும் ஒன்று இருப்பதற்கும் என்று இரட்டித்து எழுத வேண்டியிருந்தது.

பெரிய வலையமைப்புகளை நடத்துவோர், கூகுள் உள்ளிட்டோர், 2015-ஆம் ஆண்டளவில் இதை விடாப்பிடியாக எழுப்பினார்கள். விரும்பிய கான்ஃபிகரேஷன் எது, நடைமுறைக்கு வந்தது எது என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வழி வேண்டும் என்றார்கள். அதற்கான பதில் 2018 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 8342 என்ற இணையத் தர ஆவணமாக வந்தது. அது ஒரே மாதிரியை வைத்துக்கொண்டு தரவுக் களஞ்சியங்களைப் பிரித்தது. உத்தேசித்ததற்கு ஒரு களஞ்சியம், இயங்குவதற்கு ஒரு களஞ்சியம். இயங்கும் களஞ்சியத்தில் உள்ள கான்ஃபிகரேஷன் மதிப்புகள் எங்கிருந்து வந்தன என்ற குறிப்பையும் சேர்த்தது: நிர்வாகி சொன்னதா, கருவி தானாக வைத்துக்கொண்டதா, வெளியிலிருந்து கற்றுக்கொண்டதா, யாரும் சொல்லாததால் இயல்பாக அமைந்ததா. இயங்கும் களஞ்சியத்தில் யாரும் நேரடியாக எழுத முடியாது. வாசிக்க மட்டும்தான் முடியும். கட்டுப்பாட்டு அறையின் சொல்லால் டேப்லட் வெளியே வராது என்பதும் இதுவும் ஒரே விதி.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். டேப்லட் உண்மையில் ஆணையையும் நிலையையும் பிரிக்கவில்லை, ஒரே பொருளில் சேர்த்துவிட்டது. சாரதிக்கு அது புறப்படுவதற்கான அதிகாரம், கருவிக்கு அது பாதை நிரம்பியிருக்கிறது என்பதற்கான அத்தாட்சி, ஆகவே இந்த உதாரணம் வாதத்துக்கு எதிரானது என்று சொல்லலாம். மேலோட்டமாகப் பார்த்தால் இது சரி. ஆனால் அதிகாரம் எங்கிருந்து பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். ரயில் போக வேண்டும் என்ற விருப்பம் அட்டவணையில் இருக்கிறது; அதைச் சாரதி மட்டுமல்ல, எல்லோரும் அறிவார்கள். அந்த விருப்பத்தால் அதிகாரம் பிறக்கவில்லை. பாதை காலி என்று இரு கருவிகளும் ஒப்புக்கொண்ட பிறகே பிறக்கிறது. அதாவது, டேப்லட் நிலையிலிருந்து பெறப்பட்ட அனுமதி. ஆணையும் நிலையும் முதலில் பிரிந்து நின்றதால்தான் அவற்றை இவ்வளவு பத்திரமாகச் சந்திக்க வைக்க முடிந்தது. பிரித்து வைப்பது என்றால் ஒன்றோடொன்று பேசவிடாமல் வைப்பது என்று பொருள் கொள்ளக் கூடாது. எந்த வழியாக, யாருடைய சம்மதத்தோடு பேச வேண்டும் என்று ஒழுங்கு செய்வதே அதன் பொருள்.

இன்னொரு மறுப்பு செலவைப் பற்றியது. கருவிகள் இப்போது நம்பகமாகிவிட்டன, சொன்னதை அப்படியே செய்கின்றன, ஆகவே இரண்டு கணக்கு வைப்பது வீண் வேலை என்பார்கள். நம்பகத்தன்மை கூடக்கூடத்தான் ஆபத்தின் தன்மை மாறுகிறது என்பது என் பதில். நூற்றுக்கு ஐம்பது முறை ஆணை தவறும் இடத்தில் யாரும் ஏட்டை நம்ப மாட்டார்கள், எழுந்துபோய்ப் பார்ப்பார்கள். எப்போதாவது ஒருமுறை தவறும் இடத்தில்தான் பார்க்கும் பழக்கம் செத்துப்போகிறது. தோர்ப்பில் அன்றிரவுக்கு முன்பும் அதே தந்தி எத்தனையோ இரவுகள் ஒழுங்காக வேலை செய்திருந்தது. அத்தோடு, ஆணைகள் மட்டுமே நிலையை உருவாக்குகின்றன என்ற எண்ணமே தவறு. கேபிளை எலி கடிக்கும், மின்சாரம் போகும், பக்கத்து ரவுட்டர் புதிய வழியொன்றைக் கற்றுத்தரும். இவற்றுக்கெல்லாம் யாரும் ஆணையிட்டதில்லை.

மூன்றாவது மறுப்புக்கு நான் பாதி உடன்படுகிறேன். நிலைக் கணக்கும் முழு உண்மை இல்லை. டேப்லட் கருவி, பாதையில் வேறு ரயில் இல்லை என்று சொல்லும். பலானவில் மண்மேடு சரிந்து தண்டவாளத்தை மூடியிருப்பதை அதற்குச் சொல்லத் தெரியாது. பருவமழைக் காலத்தில் கண்டி மலைச்சரிவுகளில் இது அடிக்கடி நடப்பதுதான். அதற்குப் பாதையில் நடந்து பார்க்கும் ஊழியர்கள் வேண்டும், அவர்கள் சொல்வது நிலையத்துக்கு வர வேண்டும். வலையமைப்பிலும் போர்ட் இயங்குகிறது என்ற வரி, மறுமுனையில் இருக்கும் மாணவருக்கு விரிவுரை தடங்கலின்றிக் கேட்கிறது என்பதற்கு உத்தரவாதம் தராது. ஆனால் இந்தக் குறைபாடு பிரிவினைக்கு எதிரான வாதமாகாது. நிலை என்று தனியே ஓர் ஏடு இருந்தால்தான் அதில் எது இல்லை என்று கேட்கவாவது முடியும். ஆணையோடு கலந்துவிட்ட ஏட்டில் விடுபட்டது கண்ணுக்கே தெரியாது.

டேப்லட் முறை என்றைக்கும் நிலைக்காது. உள்நாட்டுப் போருக்குப் பின் இலங்கையின் வடக்குப் பாதையில் இந்தியாவின் இர்கான் நிறுவனம் நவீன வண்ண விளக்குச் சமிக்ஞைகளை அமைத்தது. மலைப்பாதைக்கும் ஒருநாள் அதுபோன்ற ஒன்று வரும், வர வேண்டும். வளையத்தை நீட்டி வாங்கும் உழைப்பும் அதில் போகும் நேரமும் மிச்சமாவது நல்லதே. காக்க வேண்டியது அந்த உலோகத்தை அல்ல, அதற்குள் இருந்த விதியை. புதிய அமைப்பை வாங்கும்போது ரயில்வே திணைக்களம் கேட்க வேண்டியவையும், வலையமைப்புக்குக் கருவி வாங்கும் பல்கலைக்கழகமோ வங்கியோ மருத்துவமனையோ கேட்க வேண்டியவையும் ஒரே கேள்விகள். திரையில் தெரியும் இந்த மதிப்பு நாங்கள் சொன்னதா, கருவி கண்டதா? அதை யார் எப்போது எழுதினார்கள்? நிலையைக் காட்டும் இடத்தில் ஆணையிடுபவரின் கை நுழைய முடியுமா? முடியும் என்றால் அந்தக் கருவியை வாங்கக் கூடாது. இந்த விதிக்காக ஒரு நாட்டில் 25 பேர் உயிர் கொடுத்தார்கள். இன்னொரு நாட்டின் மலையில் நிலைய அதிபர்களும் சாரதிகளும் நாள் தவறாமல் அதைக் கடைப்பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டே சொன்னதை நடந்ததாக எழுதும் எந்த அலுவலகமும், எந்த மென்பொருளும் இனி அறியாமையைக் காரணம் காட்ட முடியாது.